லிட்டருக்கு நாற்பத்தொன்று

கிருஷா,

இன்று 2025 ஜூன் 9, மாலை ஆறு நாற்பது. போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள் இப்போது லிட்டருக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. நீ பின்னால் உட்கார்ந்து வந்தபோது ஐம்பத்திரண்டு ஓடியது.

இது எப்படி? பெட்ரோல் எண்ணெய் மிச்சம் பிடிக்கத்தான் காரை நிறுத்திவிட்டு மோட்டாருக்கு மாறினோம். நீ ஏறினால் எண்ணெய் கூடக் குடிக்குது என்று சொன்னேன். நீயும் பையைத் தூக்கிக்கொண்டு பாகான் செராய்க்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். பாரம் குறைந்தால் எண்ணெயும் குறையணும். நான் படித்தது அப்படித்தான்.

பிளக் மாற்றினேன். டயர் காற்று, செயின் எல்லாம் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை.

இன்று வேலை முடிந்து வரும்போது லாஹாட் ரோட்டில் தற்செயலாக வேக மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூறு. காலையில் வேலைக்குப் போகும்போது நீ பின்னால் இருந்தால் அறுபதைத் தாண்டும்போதே சட்டையைப் பிடித்து இழுப்பாய். "மெதுவா போங்க லா, ஃபேக்டரி எங்கேயும் ஓடிடாது."

அறுபதிலேயே ஓட்டிப் பார்த்தேன். தனியாக ஓட்டும்போது அது வரவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்றும் புரியவில்லை.

இனி செய்யப் போவது:

1. சனிக்கிழமை காலை பாகான் செராய்க்கு வாரேன்.
2. என் கணக்கு தப்பு என்று அத்தை முன்னாலேயே சொல்வேன்.
3. உன் ஹெல்மெட்டைக் கொண்டு வாரேன்.
4. திரும்பும்போது ஒரே ஒரு தடவை அறுபதைத் தாண்டிப் பார்ப்பேன், நீ சட்டையை இழுக்கிறாயா என்று.

உன் வீட்டுக்காரன்