எட்டுப் பேருக்கான ஸ்பிரிங்

மிஸ்ஸி,

இன்று காலை கெப் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, முன் ஸ்பிரிங்குகளில் அப்பியிருந்த செம்மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷை நனைத்திருந்த மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்ட மாதிரி இருந்தது. "என்ன அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியில மண்ணெண்ண வாட வரலாமா? புள்ளத்தாச்சி வாந்தி எடுக்க மாட்டாளா?" என்று சொல்லி, சோப்பைக் கையில் கொடுத்துக் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பீர்கள். இன்றைக்குத் திட்ட ஆளில்லை. நானே கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் உங்கள் மகளுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம், அதிலும் கொட்டுகிற மழை. அந்த மழைக்கு நம் பாதையில் அம்புலன்ஸ் ஏறாது. கீழே இறங்கி அதற்குக் காத்திருக்கிற நேரத்தில் பதுளைக்கே போய்விடலாம் என்று நான்தான் கொண்டுபோனேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை மலையிலிருந்து இறக்கியிருக்கிறேன். நேற்றுப் போல என்றைக்கும் பயந்ததில்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் அந்த ஸ்பிரிங் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் சொல்லவேண்டும்போல் இருக்கிறது.

நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருத்துவிச்சியாக வந்த புதிதில், இந்த கெப்பின் பின்தட்டில் நான் மரக்கறியும் உர மூட்டையும் ஏற்றிப் பசறைக்கும் மலைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். யாருக்காவது முடியாமல் போனால் மூட்டைகளை இறக்கிவிட்டு ஆளை ஏற்றுவோம். அப்படி ஒருநாள், மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த ஒருவரைக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழிக்கும் அவர் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அலறினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் நீங்கள் என்னைப் பார்த்து, "விழுந்ததுல ஒருக்கா உடைஞ்சிச்சு. உங்க வண்டி ரெண்டாவது தடவ உடைச்சிருச்சு" என்றீர்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ரோட்டத் திட்டுங்க மிஸ்ஸி, என் வண்டி என்ன செஞ்சிச்சு?" என்று கத்தினேன். "ரோடு நம்ம கையில இல்ல. வண்டி உங்க கையிலதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

நாலு நாள் உங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குலுக்கலை அடக்குகிற ஷொக் இரண்டிலும் எண்ணெய் வழிந்து வற்றியே போயிருந்தது. மானம் போனாலும் பரவாயில்லை என்று டிஸ்பென்சரி வாசலில் போய் நின்று, "வாங்க, பதுளைக்குப் போய் ஷொக் பாப்போம்" என்றேன். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரித்தீர்கள்.

அந்தக் கடைக்காரர் உங்களை மறந்திருக்க மாட்டார். எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓடுகிற ஜீப்புகளுக்குப் போடுகிற உயரமான சாமானைத்தான் முதலில் எடுத்து வைத்தார். வண்டி மலையாடு மாதிரி நிற்குமாம். "உயரம் கூடினா வளைவுல சாயும், புள்ளத்தாச்சி எப்புடி ஏறுவா?" என்று அதை ஒதுக்கினீர்கள். அடுத்தது கல்லும் மண்ணும் ஏற்றுகிற வண்டிகளுக்கான முரட்டு ஸ்பிரிங். அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல படுத்துப் பாக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். மனிதர் அதையும் உள்ளே எடுத்து வைத்தார்.

கடைசியாக எடுத்ததுதான் இந்த கொயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மரை வெட்டிய உடம்பில் ஒரு வளையம், அதைத் திருகி ஏற்றினால் வண்டியின் மூக்கு உயரும். தலையில் ஒரு குமிழ், அதை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பினால் ஷொக் இறுகும் அல்லது இளகும். "என்ன பாரம் ஏத்துவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். நான் பெரிய கணக்கன் மாதிரி, "நோயாளி ஒருத்தர், மிஸ்ஸி, நான். மூணு பேரு" என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர் சேர்ந்து சொன்ன பொய் அது. அந்தப் பாரத்துக்குத்தான் ஸ்பிரிங் தந்தார்.

பூட்டிய பிறகு ஒரு வாரம், காலைப் பெரட்டில் பேர் பதிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் நீங்கள் பின் இருக்கையில் கண்ணை மூடிக் கால் நீட்டிப் படுத்துக்கொள்வீர்கள். நான் குமிழை முழுக்க இறுக்கி, அங்கிருந்து சொடுக்குகளை எண்ணித் தளர்த்திக்கொண்டே வருவேன். கீழே பாதை பள்ளமாக இறங்குகிற மதகு வரைக்கும் போய் வருவோம். "இப்ப முதுகுல குத்துது." "இப்ப தொட்டில் மாதிரி ஆடுது, தல சுத்துது." "இந்தா, இது. இதுல விடுங்க." பத்தாவது சொடுக்கு. நோயாளியாகப் படுக்கிறவர் வாயைத் திறக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். "பயப்படாம சொல்லுங்க, வண்டிக்குக் கோவம் வராது" என்பீர்கள். ஓட்டுகிறவனுக்கு வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

முதல் அழைப்பு வந்தது. மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண், இரண்டாவது பிரசவம். நீங்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இருக்கையில் சாய்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா, மாமியார், பாயும் பிளாஸ்க்குமாகச் சின்னம்மா, புருஷன், சிங்களம் பேசத் தெரிந்த மச்சான், இரத்தம் கேட்டால் கொடுக்கவென்று இரண்டு தம்பிமார் எல்லாரும் ஏறியாகிவிட்டது. முன்னால் என் பக்கத்திலேயே இரண்டு பேர். "கல்யாணத்துக்கா போறீங்க? எறங்குங்க!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் ஒருவர் இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்ஸி, இருக்கட்டும் மிஸ்ஸி. இவங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்."

யாரும் இறங்கவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க மொத்தப் பாரமும் முன்னால் சரிந்தது. மதகில் இறங்கியபோது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இரும்பும் இரும்பும் 'டமார்' என்று முட்டின. அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இனிமேல் இரண்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று எழுதி வண்டியில் ஒட்டப் போனேன். அட்டையை வாங்கி மடித்து வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "நம்ம சனம் தனியா அனுப்பாது அண்ணே. அனுப்பவும் வேணாம். அங்க பாஷ தெரியாத எடத்துல ஒத்தையில கெடக்குறது எவ்வளவு பயம்னு எனக்குத் தெரியும். ஸ்பிரிங்க மாத்துங்க."

முதலில் வளையத்தைத்தான் ஏற்றிப் பார்த்தேன். மூக்கு உயர்ந்ததே தவிர ஸ்பிரிங்கின் பலம் கூடவில்லை. பசறைக் கராஜில், கம்பி ஒரு அளவு தடித்த ஸ்பிரிங்காக மாற்றி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையும் கூட்டினோம். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை! பாரத்துக்கு மணல் மூட்டை தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் லயத்து வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தீர்கள். குளித்து, பவுடர் பூசி, எட்டுப் பேர் சும்மா பாரமாக உட்கார வந்துவிட்டார்கள். ஒருவர் வடைகூடக் கொண்டுவந்திருந்தார். மதகுக்கும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குமாக எத்தனை தடவை போனோமோ தெரியாது. ஏழாவது சொடுக்கில் மதகைத் தாண்டியபோது வண்டி மெதுவாக அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நோய் முற்றியபோது உங்களையும் அதே இருக்கையில்தான் கொண்டுபோனேன். மருந்துகள் இனி வேலை செய்யாது என்று உங்களுக்கே தெரிந்திருந்தது. அன்று ஏறியவர்களை நான் எண்ணவில்லை, பின்தட்டில் நிற்க இடமில்லை. பாதி வழியில் கண்ணைத் திறந்து, "இடது பக்கம் லேசா தட்டுது அண்ணே. பாருங்க" என்றீர்கள். அந்த வேதனையிலும் அதைக் கவனித்தீர்களே என்று அழுகையும் கோபமுமாக வந்தது. மறுநாள் பார்த்தேன். இடது பக்க ரப்பர் புஷ் தேய்ந்துதான் போயிருந்தது. மாற்றிவிட்டு உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்கிற நிலையில் இல்லை, அந்த வாரமே போய்விட்டீர்கள்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. எட்டுப் பேர் நனைந்துகொண்டே வந்து ஏறினார்கள். உங்கள் மகளின் தலைமாட்டில் அவள் மாமியார். பாதையெல்லாம் ஆறு மாதிரி தண்ணீர், குழி எது மேடு எது என்று தெரியவில்லை. வளைவுக்கு வளைவு, "வலிக்குதா தாயி? குலுங்குதா? பயப்படாம சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நாலைந்து தடவை பொறுத்துப் பார்த்தவள், "மாமா, வண்டி நல்லாத்தான் போவுது. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். அப்படியே உங்கள் அதட்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்குப் பிறகு ரோட்டை மட்டும்தான் பார்த்தேன். மதகில் இறங்கி ஏறினோம். இரும்புச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் உங்களுக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். மூன்று கிலோ. தாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவள் மச்சான்காரன் டாக்டர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரி மரத்தடியில் எட்டுப் பேரும் ஈரத்துணியோடு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் ஒரு கெப் வாங்கியிருக்கிறார்கள். நேற்று மரத்தடியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு என்ன ஸ்பிரிங் போடலாம் என்று கேட்டார்கள். "மொதல்ல எட்டுப் பேர ஏத்தி உக்கார வைங்க. ஒருத்தர பின்னால படுக்கச் சொல்லி, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. பெறகு கடைக்குப் போங்க" என்றேன். என் சொந்த யோசனை போலத்தான் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாளை மறுநாள் தாயையும் பிள்ளையையும் மலைக்குக் கூட்டி வரவேண்டும். மூன்று கிலோ கூடியதற்காக ஸ்பிரிங்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும் மிஸ்ஸி. ஆனாலும் மண்ணைத் துடைத்து முடித்த கையோடு குமிழை இரண்டு சொடுக்கு இளக்கி வைத்திருக்கிறேன்.