பத்தாம் அத்தியாயத்தில் ஓர் ஆள் குறைகிறது

கார்த்திகை 2, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். மாடியில் கிடந்த வத்தலை அள்ளி உள்ளே கொட்டியாயிற்று. பாதி நமுத்துவிட்டது. குமுளி ரோட்டில் மாலை போட்ட சாமிமார் வேன் ஒன்றின்பின் ஒன்று. சின்னமனூரே சரணம் சொல்லுகிறது.

எங்கள் வாழை மண்டிக் கணக்கு பத்து மணிக்குள் முடித்தேன். செவ்வாழை, நாழிப்பூவன், நேந்திரன் தனித்தனியே. நேந்திரன் தார் முழுதும் குமுளிக்கு.

தேன்மொழி (இவருடைய தங்கை. இனி தே.) வந்து இன்றோடு ஐம்பத்தொரு நாள். பன்னிரண்டு வருடம் பெங்களூரில் ராக் பேண்டு. கிட்டார், பாட்டு. போனில் பார்த்திருக்கிறேன். மேடையில் அவள் கத்தும்போது எனக்குத் தொண்டை வலிக்கும். இப்போது பேண்டு கலைந்துவிட்டது. நாவல் எழுதுகிறாள். சென்னைப் பதிப்பகம் ஒன்று முதல் பாதியைப் படித்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றிருக்கிறது. மீதியை டிசம்பர் 1-க்குள் கேட்கிறார்கள். தவறினால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்றால் நடக்காது, தை பிறந்ததும் விளம்பரப் பாட்டு போடும் கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன் என்கிறாள்.

முருகா, முடித்துக் கொடு.

கையெழுத்து கோழி கிளறியது போல. டி.டி.பி. கடைக்காரர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழில் தானே டைப் அடித்தால் யோசனை நின்றுவிடுகிறதாம் இவளுக்கு. ஆகவே நான் படி எடுக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மண்டியில் எல்லாரும் சொல்வார்கள்.

எதிர்வீட்டு ரமணி: "ஏத்தா, ஒன் நாத்தனா இன்னுமா எழுதுறா?"

"ஆமா."

"பரீச்சைக்கே மூணு மணி நேரந்தான குடுப்பாக?"

கார்த்திகை 4, வியாழன்

அமாவாசை. தலைக்குக் குளித்துப் படையல். காக்கை வடையை மட்டும் எடுத்துக்கொண்டது. சோற்றைத் தொடவில்லை. மாமனார் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

அத். 8 படி எடுத்தேன். ஒரே பத்தி மூன்று இடத்தில் வருகிறது. மறதியில் எழுதியிருக்கிறாள் பாவம் என்று முதல் இடத்தில் மட்டும் எழுதி, மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"மதினி! அது பல்லவி!"

"கதைக்கு எதுக்கு புள்ள பல்லவி?"

"திரும்பத் திரும்ப வந்தாதான் மனசுல நிக்கும்."

"ஒருக்கா சொன்னா எனக்கு நிக்குதே."

"நூத்தியெட்டு தடவ போற்றி போற்றிங்கறீக. முருகனுக்கு ஒருக்கா சொன்னா நிக்காதா?"

வேறு தாள் எடுத்து மூன்று இடத்திலும் எழுதினேன். மூன்றாம் தடவை எழுதும்போது எனக்கே ராகம் வந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

ரசம் உப்பு கூடிவிட்டது. கவனம் கதையில்.

கார்த்திகை 5, வெள்ளி

வெயில். வத்தல் மறுபடி மாடிக்கு.

விளக்கேற்றி எல்லாவற்றுக்கும் திருநீறு இட்டேன். கல்லாப்பெட்டி, தராசு, தையல் மிஷின், தே.யின் கிட்டார். கருவி கருவிதானே. தே. எழுந்து வந்து பார்த்து, "இவுக இப்பத்தான் பக்தியான கிட்டார் ஆயிருக்காக" என்றாள்.

அந்த "இவுக, ஆயிருக்காக" நான் சொல்லிக் கொடுத்தது. அவள் கதையில் கம்பம்காரர்கள் எல்லாம் டி.வி. சீரியல் போல "வந்தாங்க, போனாங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் யார் அப்படி? படி எடுக்கும்போதே மாற்றுகிறேன். இதற்கு மட்டும் கேட்காமல் திருத்த அனுமதி வாங்கியாயிற்று.

இன்னொரு வேலையும் தொடங்கினேன். கதையில் ஆட்கள் நிறைய. யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பது எனக்கு நிற்கவில்லை. பழைய மண்டி நோட்டின் கடைசியில் கோடு போட்டு ஆள் பேரேடு. கதைக்குள் வருவது வரவு, வெளியே போவது பற்று, அத்தியாய முடிவில் நிற்பவர்கள் இருப்பு. தார்களுக்குப் போடும் அதே கணக்கு.

கார்த்திகை 7, ஞாயிறு

பேரேடு நன்றாகப் பேசுகிறது!

— அத். 2-ல் பெரியத்தை விதவை. அத். 6-ல் அவள் வீட்டுக்காரர் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிறார்.
— பசு சித்திரையில் கன்று போட்டது. ஆவணியில் மறுபடி போடுகிறது.
— 'நான்' என்று கதை சொல்லும் கதாநாயகி ஒரே நாளில் இரண்டு தடவை காலை டிபன்.

தே.யிடம் வாசித்துக் காட்டினேன். தரையில் உருண்டு சிரித்தாள். "டிபன மட்டும் விட்ருங்க மதினி, அது நான்தான்." இவர் மண்டியிலிருந்து வந்து, "என்னத்தா, வீட்டுக்குள்ள இம்புட்டுச் சிரிப்பு?" என்று கேட்டார். பெரியத்தை புருஷன் கதையைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு. "கத்தரிக்கா என்ன வெலக்கிக் கேட்டாராம் அந்தச் செத்த மனுசன்?"

சாயங்காலம் அத். 10. இது சிரிப்பாக இல்லை. கதையில் வரும் பேண்டின் மேளக்காரன் தாஸ், நல்ல பையன், எனக்கு அவனைப் பிடிக்கும். அத். 9-ல் வேனில் மற்ற மூன்று பேரோடு உட்கார்ந்து முறுக்கு தின்கிறான். அத். 10-ல் மேடை. மூன்று பேர்தான் ஏறுகிறார்கள். ஆனால் மேளம் கேட்கிறது. வாசிப்பது யார் என்று இல்லை. அதன்பிறகு தாஸ் கதையிலேயே இல்லை. வரவு உண்டு, பற்று இல்லை, இருப்பிலும் இல்லை.

இரண்டு தடவை பக்கம் புரட்டினேன். ஆளில்லாமல் மேளம்.

கார்த்திகை 8, திங்கள்

டி.டி.பி. கடைக்காரரும் மாலை போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மலைக்குக் கிளம்புகிறார். இன்று பக்கங்களைக் கொடுத்தால்தான் புதனுக்குள் அடித்துத் தருவேன் என்றார். தே. தேனிக்குப் போயிருந்தாள். போன் எடுக்கவில்லை. காத்திருக்க நேரமில்லை.

நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன். அத். 9 கடைசியில்:

"தாஸ் கூடலூர் வரை போயிருந்தான். வந்துவிடுவான்."

கணக்கு நேரானது. திருப்தியாக இருந்தது. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

கார்த்திகை 10, புதன்

சஷ்டி. ஒரு வேளை பால், பழம். விரத நாளில் இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

அடித்த தாள்கள் வந்தன. தே. நடுவீட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். பாட்டுக்காரி, வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அத். 9 கடைசியில் குரல் நின்றது.

"யாரு கூடலூர் போனது?"

"தாஸு."

"நான் எழுதலயே."

"ஆளு கொறஞ்சுச்சு புள்ள. அதான் நானா..."

"நீங்களா? நீங்களா அனுப்பி வச்சீகளா?"

தாள்களைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட வரவில்லை. கூப்பிடப் போனபோது வத்தல் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஒம்பதோட நிக்கட்டும் மதினி. எனக்கு இதுக்கு மேல வராது. பாட்டுன்னா நாலு நிமிஷத்துல தப்பிச்சிரலாம்."

இவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால்:

"ஒரு தார் கொறஞ்சா நீயா எழுதுவியா?"

"மாட்டேன். லாரிக்காரரக் கேப்பேன்."

"அப்ப ஆளுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

இருபது வருடத்தில் மண்டி நோட்டில் ஒரு தடவை இப்படிச் செய்ததில்லை. முருகன் முன்னால் தோப்புக்கரணம் மூன்று போட்டேன். முழங்கால் வலி.

கார்த்திகை 11, வியாழன்

தே. காலையிலேயே பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று அண்ணனைக் கேட்டாள். அவர், "இன்னைக்கி பஸ்ஸெல்லாம் சாமிமாரு கூட்டம், நிக்க எடமிருக்காது" என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்படி ஒன்றுமில்லை. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் வாழைப்பூவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் மன்னிப்பு. "நான் எழுதினது தப்பு புள்ள. அடிச்சிர்றேன்." பிறகு, லாரிக்காரரைக் கேட்பது போலவே கேட்டேன்.

"அந்த ஆளு எங்கன எறங்குனாரு?"

அவளும் நான்கைந்து பூவுக்கு நரம்பு எடுத்தாள். அப்புறம்,

"லோயர் கேம்ப்ல."

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். தாஸ் என்பது சிபி. குமுளிக்காரன். பேண்டில் மேளம். இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு, ஒரு மழையில் வேனுக்குள் பிறந்ததாம். சிபி டிபன் மூடியில் தட்டிக்கொண்டே முனகிய மெட்டு. இவள் வார்த்தை போட்டாள். வெளியிட்டபோது இவள் பெயர் மட்டும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மதுரையிலிருந்து கொச்சிக்கு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், குமுளி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் டீக்கடை. கடை ரேடியோவில் அந்தப் பாட்டு.

"டீக்கடக்காரரு கேட்டாரு மதினி, 'யாரு பாட்டும்மா இது, நல்லாருக்கே'ன்னு. 'என் பாட்டு'ன்னேன். சிபி பக்கத்துலதான் நிக்கிறான். கிளாச வச்சான். பையத் தூக்குனான். நின்ன குமுளி பஸ்ல ஏறிட்டான். 'எங்க பாட்டு'ன்னு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு எழுத்துதான் கூட."

"அன்னைக்கி நிகழ்ச்சி?"

"நடந்துச்சு. மேளத்த லேப்டாப்பு வாசிச்சுச்சு."

ஆக நான் பார்த்தது எழுத்துப் பிழை இல்லை. ஆளில்லாமல்தான் கேட்டிருக்கிறது.

"அவன் பொறுப்பில்லாதவன், சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் மதினி. கதையிலயும் அப்பிடி எழுதப் பாத்தேன். கை வரல. உண்மைய எழுதவும் வரல. அதான் அவனத் தூக்கிட்டேன்."

அறிவுரை சொல்ல எனக்கு என்ன தெரியும்? நான் சின்னமனூரைத் தாண்டி நிகழ்ச்சி பார்த்ததில்லை. "லோயர் கேம்ப்ல எறங்குனாருன்னா அதத்தான் எழுதணும்" என்றேன். "எறங்காத ஆள எறங்குனதாவும் எழுதக் கூடாது, எறங்குன ஆள மறைக்கவும் கூடாது."

வாழைப்பூ வடை. தே. ஒன்பது சாப்பிட்டாள். பை அப்படியே கிடக்கிறது.

கார்த்திகை 13, சனி

நேற்றும் இன்றும் தே. அறை சாத்தியே கிடக்கிறது. டீ கொண்டுபோனால் கை மட்டும் வெளியே வருகிறது. பதினான்கு பக்கம்! அத். 9-க்குப் பின்னால் சேர வேண்டியது, எல்லாம் டீக்கடை. பல்லவி இல்லை, ஒன்றும் திரும்ப வரவில்லை. படி எடுக்கையில் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்து கலங்கவில்லை.

கடைசியில் பஸ் நகர்கிறது. ஜன்னலோரம் தாஸ். "அவன் அழுதான்" என்று முடிகிறது.

மலைக்குப் போன டி.டி.பி.காரரின் வீட்டுக்காரம்மா நாளை சாயங்காலம் அடித்துத் தருவதாகச் சொன்னார். திங்கள் காலை, கெடு நாளன்று, மற்ற அத்தியாயங்களோடு மெயிலில் போய்விடும். ஆனால் தே. புதிய குண்டு ஒன்று போட்டாள். "சிபி கேக்காம அனுப்ப மாட்டேன்." மூன்று வருடமாகப் பேசவில்லையாம். நம்பர் இருக்கிறதாம்.

ரமணி: "முடிஞ்சிருச்சா?"

"ஒரு ஆளு சரின்னு சொல்லணும்."

"யாரு, கலெக்டரா?"

கார்த்திகை 14, ஞாயிறு

மறுபடி தூறல். சிபிக்கு இரண்டு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. தே. நகத்தைக் கடித்தாள். நான் சாம்பாரைத் தாளித்தேன். இவர், "புது நம்பர்னா நான்கூட எடுக்க மாட்டேன்" என்று என் போனிலிருந்து அடித்தார். அதுவும் புது நம்பர்தான் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துவிட்டான்!

தே. பெயரைச் சொன்னதும் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒரு அத்தியாயம் வாசிக்கவா? பிடிக்கலன்னா கிழிச்சிர்றேன்" என்றாள். "வாசி" என்றான். அவ்வளவுதான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு, அடுப்படி மேடையில் புளி ஜாடிமேல் சாய்த்து வைத்து, நின்றபடியே வாசித்தாள். என் படியிலிருந்து. மேடையில் கத்துகிற அதே பெண். குரல் எழும்பவே இல்லை. நான் குக்கரை விசில் வருமுன் அணைத்தேன். "என் பாட்டு" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தாள். பஸ் நகர்ந்தது. "அவன் அழுதான்."

அந்தப் பக்கத்திலிருந்து:

"எடீ, நான் எங்க கரஞ்சேன்?"

தே. முழித்தாள்.

"நீயல்லே கரஞ்சது? பஸ்ஸு திரும்பினப்போ நான் கண்டு. கையில டீ கிளாஸ வச்சுக்கிட்டு நீ நிண்ணு கரஞ்சு."

நான் பிறந்தது ஆண்டிபட்டி, மலையாளம் தெரியாது. எனக்கு வெல்லம் கரைவதுதான் தெரியும். இவர் என் காதில் சொன்னார்: "மலையாளத்துல அழுறத அப்பிடித்தான் சொல்லுவாக."

தே. அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. இரண்டும்தான். என் பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். நான் முத்து முத்தாக எழுதிய பக்கத்தில் "அவன் அழுதான்" என்பதை ஒரே அடியாக அடித்துவிட்டு, மேலே கோழிக் கிளறலில் "நான் கரைந்தேன்" என்று எழுதினாள்.

அந்தப் பக்கம் மட்டும் மறுபடி படி எடுக்க வேண்டும். டி.டி.பி.க்கு ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும். மணி மூன்றரை. நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

போனில் இன்னும் சிபி:

"ஹலோ? எடீ, லைன்ல உண்டா? நிறுத்தாத. மிச்சத்த வாசி."