லிட்டருக்கு ஏழரை

ஜூன் 8, ஞாயிறு

டாங்கை விளிம்பு வரை நிரப்பினேன். பன்னிரண்டு லிட்டர் பிடித்தது. போன முறை நிரப்பியதிலிருந்து மீட்டரில் ஓடியிருப்பது தொண்ணூறு. வகுத்தால் லிட்டருக்கு ஏழரை.

இந்த எம்.ஜி. மிட்ஜெட்டை பிப்ரவரியில் எனக்கு விற்ற தில்லைநகர் டாக்டர், "மைலேஜ் பன்னெண்டுக்குக் குறையாது சார்" என்றார். லண்டனிலிருந்து கப்பலில் வந்த அறுபது வயது கார், இரண்டே சீட்டு. டாக்டர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அப்படியானால் நாலரை லிட்டர் எங்கே போனது? ஒழுகவில்லை. கீழே அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன். சொட்டுவதெல்லாம் ஆயில்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் சைக்கிள் நிறுத்தவே சண்டை. அதனால் வாரம் முழுக்க வண்டி நிற்பது காட்டூரில், ரெஜிஸின் பட்டறையில். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இந்த வண்டியை எனக்குத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். அவனைப் போய் நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காட்டூர் போனேன். ரெஜிஸ் பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தான். காலடியில் ஒரு கேன். கையில் முழ நீளத்துக்கு ரப்பர் குழாய்!

"என்னடா குழாயும் கையுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ரெட்டை கார்புரேட்டர்டா. ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கணும். இத காதுல வெச்சுத்தான் கேக்கணும், வா, கேட்டுப் பாரு."

கேட்டேன். ஏதோ உஸ்ஸென்றது. காதில் வைக்கிற குழாயில் பெட்ரோல் வாடை எதற்கு?

"மைலேஜ் ஏன்டா இவ்வளவு கம்மி?" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"நல்லாத்தானே குடுக்குது" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

அவனுடைய பைக்குக்கு எங்கே பெட்ரோல் போடுகிறான்? ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லையே.

ஜூன் 15, ஞாயிறு

காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பூட்டு வைத்த டாங்க் மூடி கிடைத்தது. காலையில் ரெஜிஸ் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போய் மாட்டினேன். பட்டறைச் சாவியை என்னிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறான். அந்தச் சாவியால்தான் திறந்தேன். யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் திருடன் என்று என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

போன் பண்ணினான்.

"டேய், டாங்க்ல பூட்டு போட்டிருக்கு. நீயா?"

"ஆமா. காலம் சரியில்ல பாரு, பட்டறைக்கு நாலு பேர் வந்து போற எடம்..."

"இங்க யாருடா வரா?" என்றான். பிறகு "சரி" என்று வைத்துவிட்டான். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன். கோபமும் படவில்லை, சிரிக்கவும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சா?

ஜூன் 22, ஞாயிறு

பூட்டு மாட்டிய அன்று நிரப்பியதிலிருந்து மீட்டரில் அறுபது. பெட்ரோல் எட்டு லிட்டர். மறுபடியும் ஏழரை. பூட்டு இருக்கும்போதே!

வீட்டில் மனைவி கோதையிடம் சொன்னேன். "ஏழரைன்னு வந்தப்பவே விட்டிருக்க வேணாமா? உங்களுக்குத்தாங்க புடிச்சிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் காட்டூர் போய்க் கேட்டே விட்டேன். "டூப்ளிகேட் சாவி ஏதும் போட்டிருக்கியாடா?"

ரெஜிஸ் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "வண்டிய எடுத்துட்டுப் போயிடு" என்றான். அவ்வளவுதான். பட்டறைச் சாவியை நானே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வண்டி இப்போது திருவானைக்காவலில், தெரிந்தவர் ஒருவரின் லாரி ஷெட்டில் நிற்கிறது. அந்தக் கார்புரேட்டரைத் தொடக்கூடிய இன்னொரு கை திருச்சியில் எனக்குத் தெரிந்து இல்லை. போகட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

தஞ்சாவூர் ரோட்டில் தனியாகப் போனேன். எஞ்சின் ஒரு பக்கமாக இருமுகிறது. துவாக்குடி தாண்டி, சும்மா பொழுது போக, கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனேன். பதினாறு கல். மீட்டரைப் பார்த்தால் பத்துதான் ஏறியிருக்கிறது.

அடப்பாவி, மீட்டரிலும் கை வைத்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

டீக்கடையில் நிறுத்தி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முள் வேலை செய்யாத மீட்டர் என்பதால் அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பழுத்துப்போன கண்ணாடிக்குப் பின்னால், எண்களுக்குக் கீழே, ஆங்கிலத்தில் பொடி எழுத்து. மைல்ஸ்.

தொண்ணூறு மைல். நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் பன்னிரண்டு.

ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. வாய் ஓயாமல் மைலேஜ் மைலேஜ் என்கிறோம், அதில் மைல் இருப்பது ஒருத்தனுக்கும் உறைப்பதில்லை. போன வாரம்தான் பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு, விடையில் அலகு எழுதவில்லை என்று அரை மார்க் குறைத்தேன். நான் இயற்பியல் வாத்தியாராம்!

ஐயோ, அவன்கிட்ட போய் எப்படிக் கேட்டேன்.

ஜூன் 30, திங்கள்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

கோதையிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நேர்ல போய்ச் சொல்லுங்க. போன்ல சொல்லி முடிச்சிடாதீங்க" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோயில் நேரம் பார்த்துப் பூட்டு மாட்டியது உட்பட. மன்னிச்சுக்கடா என்றேன்.

முதலில் சிரித்தான். "மைல்ல ஓடுதுன்னு உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். அந்தச் சிரிப்பு நிஜமா என்று அப்போதும் என் மனசு துருவியது. இந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பிறகு சொன்னான்: "மீட்டர் தப்பு சரி. நாலு லிட்டர் பெட்ரோல்னதும் என் மூஞ்சி ஏன் ஞாபகம் வந்துச்சு?"

குழாய் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினான்.

"வண்டிய கொண்டாந்து விடுங்க, பாத்துத் தரேன்."

விடுங்க. முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெஜிஸ் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டான். எஞ்சின் இத்தனை அமைதியாக ஓடி நான் கேட்டதில்லை. வேலையில் குறை வைக்க அவனுக்குத் தெரியாது.

வழக்கமாக டியூன் பண்ணி முடித்ததும் கல்லணை வரை இரண்டு பேரும் போய் வருவோம். நான் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உக்காருடா" என்றேன்.

"நீங்க ஓட்டுங்க. நான் பைக்ல பின்னாடி வரேன். எங்கயாவது நின்னுச்சுன்னா பாத்துக்கலாம்."

கிளம்பினேன். திருவெறும்பூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தான், ஐம்பது அடி தள்ளி. பக்கத்தில் வரட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். அவனும் குறைத்தான்.