பத்துக் கிலோவுக்குள் ஒரு நாய்

உக்குவளை
2024.02.06

என் ஆசை மகன் சசிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் மருமகள் துஷாந்தினியும் சுகமாயிருக்க முத்துமாரி துணையிருப்பாள்.

தொலைபேசியில் நீ கத்துவதும் நான் "ஆங்? ஆங்?" என்று கேட்பதும் இந்தத் தெருவுக்கே வேடிக்கையாகிவிட்டது. காது மெஷின் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு விசில் அடிக்கிறது. ஆகவே பழையபடி கடிதம்தான். முப்பத்தொரு வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவளுக்குத் தன் கடிதத்துக்கு ஒரு முத்திரை வாங்கவா பஞ்சம்?

ஜொனி போய் ஒரு மாதம் ஆகிறது. சங்கிலியை இன்னும் கழற்றி வைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் யாரோ வந்து பின்பக்கத்து மிளகுக் கொடியில் பாதியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஜொனி இருந்திருந்தால் குரைத்த குரையில் தரையே அதிர்ந்திருக்கும். போன வருஷம் நான் குளியலறையில் விழுந்து கிடந்தபோதும் அதுதான் குரைத்துக் குரைத்துப் பக்கத்து வீட்டு ஸக்கியாவை வரவழைத்தது.

எனக்கு ஒரு நாய் வேண்டும். எழுபத்தொரு வயதுக்காரிக்கு எந்தச் சாதி நாய் பொருந்தும் என்று விசாரித்து எழுது. ஸக்கியா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். மத்தியானம் அவள் வந்தால் லுஹர் தொழுகையை நம் முன்னறையில்தானே தொழுவாள்? "கமலக்கா, நாய் முத்தத்தோட நிக்கட்டும். ஊட்டுக்குள்ள உட்டீங்கன்டா எனக்கு உள்ளுக்கு வர ஏலாது" என்கிறாள். அவள் வராவிட்டால் எனக்குப் பொழுது போகாது. ஆகவே முற்றத்தோடு நிற்கிற நாயாகப் பார்.

அவசரமில்லை. ஆகஸ்டில் நீ வருவாய்தானே, இருவருமாகப் போய்ப் பார்த்து எடுப்போம். சின்ன வயதில் ஜொனிக்கு முந்தின நாயை நீதானே மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாய்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா

*

மெல்பேர்ண்
26.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜொனியை நினைத்துத் துஷாந்தினி அழுதுவிட்டாள். மிளகு போனால் போகட்டும் அம்மா, நீங்கள் பத்திரமாக இருந்தால் போதும்.

நாய் விஷயத்தை நன்றாக விசாரித்தேன். இங்கே வயதானவர்களுக்கு நாய் தெரிவு செய்துகொடுக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அல்சேஷன், லாப்ரடோர் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு இழுப்பில் உங்களைக் கீழே தள்ளிவிடும். உங்களுக்குப் பொருத்தம் ஷிட்சு அல்லது அது மாதிரி ஒரு சின்ன இனம். பத்துக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். முடி உதிரக்கூடாது. குரைக்கவே கூடாது. முற்றம், தோட்டம் எதுவும் இல்லாமல் ஒரு அறைக்குள்ளேயே சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஸக்கியா அன்ரியின் நிபந்தனையைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவர்களுக்காக நாம் நாய் வாங்கவில்லையே.

எனக்கு இரண்டு விபரம் வேண்டும். நீங்கள் எத்தனை கிலோ தூக்குவீர்கள்? கேட்டிலிருந்து வாசல் வரை உள்ள இருபத்திரண்டு படியும் ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது? நாய்க்காகத்தான் கேட்கிறேன்.

என்றும் உங்கள்
சசி

*

உக்குவளை
2024.03.14

என் ஆசை மகன் சசிக்கு,

உன் கடிதத்தை ஸக்கியாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவளைப் பற்றின வரியை விட்டுவிட்டு. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். காது கேட்காதவளுக்குக் குரைக்காத நாயா? அதற்கு நான் ஒரு தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாமே. அரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது, மிளகு இருக்கிறது, கிழங்கு தோண்ட முள்ளம்பன்றி வருகிறது. நீ அறைக்குள் வாழ்கிற நாயைத் தேடுகிறாய். வெள்ளைக்கார நாட்டில் உட்கார்ந்து உக்குவளையை மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

மாத்தளையில் மிருக வைத்தியரிடம் வேலை செய்யும் நிமலனைக் கேட்டேன். அந்தப் பிள்ளை நல்ல விபரமாகச் சொன்னான். "அம்மா, ஒங்க வயசுக்குக் குட்டி வேணாம்ங்க. குட்டின்னா அது பின்னாலயே ஓடணும். சின்ன நாயும் வேணாம், காலுக்குள்ள சிக்கி விழுந்துடுவீங்க. சடை நாய்க்கு இந்த ஊர்ல உண்ணி பொறுக்கியே வாழ்க்கை போயிரும். நடுத்தர உயரம், கட்டை முடி, குணம் தெரிஞ்ச வளந்த நாயாப் பாருங்க. நாட்டு நாயே போதும்."

அவனுக்குத் தெரிந்த ஒருவர் மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் இருக்கிறார். மகளோடு கட்டார் போகிறாராம். அவரிடம் மூன்று வயதுப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. செங்கல் சூளைக்குக் காவல் இருந்ததாம், ஆளைக் கடிக்காது, ஆனால் குரல் ஊரைக் கூட்டும் என்கிறான். எனக்கு மனம் போய்விட்டது. இருந்தாலும் நீ சொல்லாமல் எடுக்க மாட்டேன். அவரை ஆகஸ்ட் வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஐந்து கிலோ அரிசி தூக்குவேன். படி ஏற நாலு நிமிஷம், மாமரத்தடியில் ஒருமுறை நிற்பேன். போதுமா? நாயா ஏறப்போகிறது, நானா?

அன்புடன்
அம்மா

*

மெல்பேர்ண்
03.04.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபிக்க வேண்டாம். இந்த வருஷம் லீவு கிடைக்கும் போலத் தெரியவில்லை. ஆகஸ்டில் வருவது சந்தேகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, வேலையும் தலைக்கு மேல்.

அந்த நாலந்தா நாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் உயரமும் குரலும் உங்களுக்குச் சரிவராது. கண்டியில் உள்ள நண்பர் ஒருவர் மூலம் ஒரு வெள்ளைக் குட்டி பார்த்திருக்கிறேன். வளர்ந்தாலும் ஏழு கிலோதான் வருமாம். சத்தமே போடாது. படம் பார்த்தால் உங்களுக்கே ஆசை வரும். நான் சொல்லும்வரை பொறுத்திருங்கள். என்மேல் நம்பிக்கை இருக்கிறதுதானே?

என்றும் உங்கள்
சசி

*

உக்குவளை
2024.04.07

சசிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாம் திகதி மெல்பேர்ணில் எழுதினது ஐந்தாம் திகதி உக்குவளையில் என் கையில். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு வேகமாக ஓடின தபாலை நான் கண்டதில்லை.

கொண்டுவந்த மகேஸ்வரன் புதுத் தபால்காரன், அவன் கவனிக்கவில்லை. நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்தது இலங்கை முத்திரை. மேலே குத்தியிருந்தது கண்டித் தபாற்கந்தோர், ஏப்ரல் நாலு. உறையில் உன் கையெழுத்து. உள்ளே, இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

நீ வந்திருக்கிறாய். கண்டிக்கு வந்திருக்கிறாய். அங்கேயிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

உனக்குச் சுகமில்லையோ என்றுதான் முதலில் பயந்தேன். அன்று இரண்டு நேரமும் சாப்பிடவில்லை. பிறகு ஸக்கியாவின் புருஷன் ஹுஸ்னி வந்தார். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தாராம். புதன்கிழமை நான் கிளினிக் போயிருந்த நேரம் நில அளவையாளர் ஒருவர் வந்து நம் காணியை அளந்திருக்கிறார். ஹுஸ்னி போய்க் கேட்டதற்கு, "வீட்டுக்கார அம்மாட மகன்தான் அனுப்பினாரு" என்றாராம்.

உன் பெப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். தோட்டம் வேண்டாம், முற்றம் வேண்டாம், ஒரு அறை போதும். நான் அதை நாயைப் பற்றின கடிதம் என்று நினைத்துச் சிரித்தேனே, என்ன மடைச்சி நான். எந்த அறை, சசி? அந்த அறை எங்கே இருக்கிறது?

மறைக்காமல் எழுது.

அம்மா

*

மெல்பேர்ண்
27.04.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

மார்ச் கடைசியில் வந்தேன். எட்டு நாள் கண்டியில் ஓட்டலில் தங்கினேன். அந்தக் கடிதத்தை அங்கேதான் எழுதினேன், இங்கே திரும்பிவந்து தபாலில் போட நினைத்து மேசையில் வைத்திருந்தேன். ஓட்டல் பையன் உதவி என்று நினைத்து முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டான்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம், நல்ல தாதிமார். மேல்மாடியில் ஒரு அறை, ஜன்னலால் மலை தெரியும். அங்கே நாய் வைத்திருக்க விடுவார்கள், ஆனால் பத்துக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், குரைக்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் தூக்கும் எடையையும் படி ஏறும் நேரத்தையும் கேட்டது அவர்களுடைய படிவத்துக்குத்தான். நாய் இல்லாமல் நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களாகவே நாய் கேட்டு எழுதினதும், இதுதான் வழி என்று நினைத்தேன். முதலில் குட்டியோடு பழகிவிட்டால் பிறகு அங்கே போவது கஷ்டமாக இருக்காது. வீட்டுக்கும் ஆள் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்கலாம் என்று 2019இல் நீங்கள் எழுதித்தந்த அற்றோர்ணித் தத்துவம் இருப்பதால் ஆகஸ்டில் நானே வந்து கையெழுத்து வைத்து முடிக்கலாம் என்றிருந்தேன். லீவு இல்லை என்று எழுதியதும் பொய்தான்.

உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை அம்மா. நீங்கள் குளியலறையில் விழுந்த நாளிலிருந்து இங்கே எனக்கு நித்திரை இல்லை. நேரில் கேட்டால் நீங்கள் மாட்டேன் என்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சொல்ல வராது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு எதிரே, வாடகைக்கு எடுத்த வானுக்குள் இருந்தேன். நீங்கள் நீலச் சேலையும் கறுப்புக் குடையுமாகப் படி இறங்கி வந்தீர்கள். மாமரத்தடியில் நின்றீர்கள். கேட்டைப் பூட்டிவிட்டு இரண்டுதரம் இழுத்துப் பார்த்தீர்கள். வானைக் கடந்துதான் போனீர்கள். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

சசி

*

உக்குவளை
2024.05.21
பதிவுத் தபால்

சசிக்குமாருக்கு,

நேற்று ஸக்கியாவும் ஹுஸ்னியும் துணைக்கு வர, மாத்தளையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனேன். உனக்குக் கொடுத்த அற்றோர்ணித் தத்துவத்தை ரத்துச் செய்துவிட்டேன். அதன் பிரதி இத்துடன் இருக்கிறது. வங்கி வேலைக்கு ஓடித்திரிய வேண்டாம் அம்மா என்று சொல்லி வாங்கினாய். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். ஊராருக்கு, வாசிக்காமல் ஒப்பம் வைக்காதீர்கள் என்று தபாற்கந்தோரில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

முதியோர் இல்லம் கெட்ட இடம் என்று நான் சொல்லவில்லை. மகனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது, வாங்க" என்று கேட்டிருந்தால் இரண்டு நாள் சண்டை பிடித்திருப்பேன். மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டியும் இருப்பேன். நீ கேட்கவில்லை. நான் நாய் கேட்டேன், அந்த நாயை வைத்து என்னைப் பிடிக்கப் பார்த்தாய். எனக்குத் தாங்க முடியவில்லை, சசி. மிளகைத் திருடினவன்கூட நான் பார்க்காத பக்கமாகத்தான் வந்தான். நீ என் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றிருக்கிறாய்.

அன்றைக்கு நான் என்ன சேலை உடுத்தியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக உன் முகத்தைக் காணவில்லை. மெலிந்தாயா, நரைத்தாயா, ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கியிருக்கலாம்.

நாலந்தா நாயைக் கொண்டுவந்துவிட்டேன். பெயர் ராணி, பழைய வீட்டுக்காரர் வைத்தது, மாற்றவில்லை. நிமலன் நிறுத்துப் பார்த்தான், பத்தொன்பது கிலோ. முற்றத்தோடு நிற்கிறாள். ஸக்கியா வழக்கம்போல மத்தியானம் வந்து முன்னறையில் பாய் விரிக்கிறாள். ராணி குரைத்தால் மெஷின் இல்லாமலே எனக்குத் தெரிகிறது, நாற்காலிக் கால் வழியாக அதிர்வு வருகிறது. தெருவில் போகிற வாகனத்துக்கு அவள் சத்தம் போடுவதில்லை. வீட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு இறங்காமல் இருக்கிறவர்களைக் கண்டால் மட்டும் விடமாட்டாள்.

இனிக் கடிதம் எழுத வேண்டாம். மேலே மெல்பேர்ண் என்று நீ எழுதினால் அதை நான் நம்ப வேண்டியிருக்கிறது, எனக்கு இனி அது முடியாது. வந்தால் உறையைத் திறக்காமல் 'பெறுநர் ஏற்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அதற்கு எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும், எங்கே ஒப்பம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை.

சொல்ல ஏதாவது இருந்தால் நேரில் வா. வானை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடு. உன் குரல் எனக்குக் கேட்காது. நாய்க்கு உன்னைத் தெரியாது, அவள் குரைப்பாள். அவள் குரைத்தால் நான் இறங்கி வந்து யாரென்று பார்ப்பேன்.

இ. கமலாட்சி
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்