வெள்ளை வேட்டிக்கு நின்ற பஸ்

அம்மணி, இன்று காலையிலும் அந்தப் பிரேக் வாடை வந்தது. நான் கையைத் தூக்கி முடிப்பதற்குள் பஸ் தானாகவே நின்றுவிட்டது. பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். யாரும் ஓடவில்லை. பாதி தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

“பெரியவரே, ஏறலீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க, சும்மா நின்னேன்.”

பஸ் போன பிறகும் அந்த வாடை கொஞ்ச நேரம் ரோட்டில் கிடந்தது. பூ வாசத்தில் ஆளை நினைக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு நீ தேய்ந்த பிரேக் வாடையோடுதான் வருகிறாய்.

உக்கடம் குளக்கரையிலிருந்து நம்மைப் பொள்ளாச்சி ரோட்டு அடுக்கு வீடுகளுக்கு மாற்றினார்கள். காங்கிரீட் வீடு, குழாயில் தண்ணீர். பள்ளிக்கூடம் மட்டும் உக்கடத்திலேயே தங்கிவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசும் நம் பிள்ளைகளைக் கேலி செய்யாமல் படிக்க வைத்த டீச்சர்கள் அங்கேதான் இருந்தார்கள். பத்தாவதுப் பிள்ளைகளை நடுவில் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளவும் மாட்டோம் என்றுவிட்டார்கள்.

பஸ் இருந்தது, நிற்கத்தான் இல்லை. பிள்ளைகளுக்கு பாஸ், பெண்களுக்கு இலவசம். அவர்களோடு நீ கையை ஆட்டிக்கொண்டு நிற்பாய். டிரைவர் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு பிள்ளையாக வீட்டோடு நின்றது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த ரம்யாவை அவள் அப்பன் நூல் மில்லுக்கு அனுப்புவதாகப் பேசி முடித்துவிட்டான். “பரீட்சை வரைக்கும் பொறுங்க, நான் பஸ்ஸ நிறுத்திக் காட்டறேன்” என்று அவனிடம் நீ வாக்குக் கொடுத்தாய். எந்தத் தைரியத்தில் கொடுத்தாய் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக நான் ரோட்டில் தனியாக நின்றேன். பஸ் நின்றது. நீ தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாய். அன்று சாயங்காலமே என் வாசலுக்கு வந்துவிட்டாய்.

“ஏனுங்ணா, நாளைக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு ரோட்டுக்கு வாங்க.”

“யாரூட்டுக் கல்யாணம் அம்மணி?”

“கல்யாணமெல்லாம் இல்லீங்க. உங்க மூஞ்சி டிக்கெட் எடுக்கற மூஞ்சி. நாங்கெல்லாம் ஓசி மூஞ்சி. முன்னால நீங்க நில்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் வெள்ளை வேட்டியோடு ரோட்டோரம் நிற்பேன். பிள்ளைகளைப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு நீ நிற்பாய். பஸ் நின்றதும், “ஓடுங்க கண்ணுகளா!” என்று நீ போடும் சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறக்கும். கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

“ஏத்திவிட்டுட்டு நீங்க நழுவினா நாளைக்கு நிக்கவே மாட்டோம் பெரியவரே.”

“நழுவலீங்க. உக்கடம் ஒண்ணு குடுங்க.”

உக்கடத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாதவனுக்கு அது ஒரு வேலையாகத்தான் இருந்தது.

நீ அதோடு விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றாய். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அதிகாரி உன் மனுவைப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, “இவர் யாரு?” என்றார்.

“இவருதாங்க இப்போதைக்கு எங்க பஸ் ஸ்டாப்பு. வயசாயிருச்சு. விழறதுக்குள்ள ஒரு நிஜ ஸ்டாப்பு குடுத்துருங்க.”

அதிகாரி சிரித்துவிட்டார். நான்தான் விழுவேன் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாசியில் நீ படுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் குரல் பாதியாகிவிட்டது. “பரீட்சை வருதுங்ணா. எனக்கு என்ன ஆனாலும் வேட்டிய மடிச்சு வெச்சுராதீங்க” என்றாய். “வாய மூடு அம்மணி” என்றேன். உன்னிடம் கடைசியாக நான் சொன்னது அதுதான்.

முதல் பரீட்சையன்று விடிகாலையில் உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒப்பாரி நடுவே பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தன. எனக்குப் பதில் வேறு யாரையாவது ரோட்டில் நிறுத்தலாம் என்றார்கள். டிரைவருக்குப் பழகிய மூஞ்சி என்னுடையது. நான் உள்ளே வரவில்லை. வெள்ளை வேட்டியோடு ரோட்டுக்குப் போனேன். பஸ் நின்றது. “ஓடுங்க” என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு வாய் எழவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே மரத்தின் பின்னாலிருந்து வந்து ஏறின.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவந்திருக்கலாம். மறுநாளும் பஸ் நிற்க வேண்டுமே. உக்கடம் வரை போனேன். திரும்பி வந்தபோது உன்னை எடுத்துவிட்டார்கள். வாசலைக் கழுவி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை அம்மணி.

அந்த வருஷம் ஆடியில் ஸ்டாப் போர்டு வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ரம்யா படித்துச் சொன்னாள். “அம்மணி பேரு எங்காச்சும் இருக்குதா?” என்று கேட்டேன். “இல்லீங்க தாத்தா, ஊர்ப் பேருதான்” என்றாள். அவள் மில்லுக்குப் போகவில்லை. பன்னிரண்டாவதும் முடித்து இப்போது நர்சிங் படிக்கிறாள். இந்தக் கடுதாசியும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவதுதான். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்ததைச் சொன்னபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டு வந்தாள்.

இப்போது நான் நிற்காவிட்டாலும் பஸ் நிற்கிறது. நீ வேண்டியதும் அதுதானே. ஆனாலும் விடிந்தால் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன். வேறு எங்கே போவது?

முந்தாநாள் முழங்கால் தைலம் வாங்கக் கிணத்துக்கடவு போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப உக்கடம் போகும் பக்கம் நின்றேன். எதிர்ப்பக்கம் யூனிபாரத்தில் நாலைந்து பெண் பிள்ளைகள். ஒரு பஸ் அவர்களைக் கடந்து போயிற்று. பின்னால் இன்னொன்று வருவது தெரிந்தது. எப்படி ரோட்டைத் தாண்டினேனோ தெரியாது. முன்னால் போய்க் கையைத் தூக்கினேன். அதே வாடை. பஸ் நின்றது.

“ஓடுங்க கண்ணுகளா!” உன் சத்தம் என் வாயிலிருந்து வந்தது அம்மணி. பிள்ளைகள் திகைத்துப்போய், சிரித்துக்கொண்டே ஏறின.

கண்டக்டர் என்னையே பார்த்தார். “நீங்க எங்கீங்க பெரியவரே?”

என் வீடு இருக்கும் திசை வேறு. இருட்டிக்கொண்டு வந்தது. படியில் காலை வைத்தேன்.

“பொள்ளாச்சி ஒண்ணு குடுங்க” என்றேன்.