கோல் காக்க ஓர் ஆள்

மே 28, 1934. திங்கள்

காலையில் மேகம். வேளிமலைப் பக்கம் கறுத்து, பிறகு வெளுத்துவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை.

பிரின்சிபால் துரை கூப்பிட்டனுப்பினார். கல்லூரி திறக்க அதிக நாள் இல்லை. கணக்கு வாத்தியார் தலையில் கால்பந்தையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் விடுமுறை என்று எனக்கு ஒன்று கிடையாது. "வருகிற பருவத்துக்கு உம்முடைய அணி ஆயத்தமாயிருக்கிறதா?" வேதபுத்தகத் தமிழ்தான் எப்போதும். ஆயத்தம் என்று சொன்னேன்.

உள்ள நிலைமை:
பின்னணியில் ஆடும் இருவர் - ஒருவன் கொழும்புக்குக் கிளார்க் வேலைக்குக் கப்பலேறிவிட்டான். மற்றவனுக்குக் கல்யாணம். மாமனார் பந்து ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.
வலது ஓரம் - பரீட்சையில் தவறிவிட்டான். என்னைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுகிறான்.
கோல் - தங்கராஜ். மாமரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில்.
முன்னணி, நடு - நீலகண்டன். இருக்கிறான். அதுவரை ஸ்தோத்திரம்.

பின்னணிக்கு ஹாஸ்டல் பையன்களில் இரண்டு பேரைத் தேற்றிவிடலாம். கோலுக்கு அப்படி முடியாது.

முட்டு வலி. வீட்டுக்காரி ஞானம் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "பந்து உருட்டுதது பிள்ளைய. அதுக்கு நீங்க எதுக்குக் கெடந்து உருளுதிய?"

மே 30, புதன்

நெய்யூர். பஸ்ஸில் இடமில்லை, பாதி வழி நின்றுகொண்டே.

தங்கராஜ் கட்டிலில். இடது கால் கட்டுப்போட்டுக் கயிற்றில் தூக்கி வைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும், "ஜூலைக்குள்ள நடந்துருவேன் சார்" என்றான். உள்ளே வருமுன்பே டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நடப்பான், பந்தாட்டம் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம் என்றார். அதைச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டேயிருந்தார். வாங்கிப்போன ஆரஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெடுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே: "தேங்காய்ப்பட்டணத்தில ஒருத்தன் உண்டு சார். சூசைன்னு பேரு. கடப்பொறத்துப் பையன். எங்க சித்தி வீட்டுக்குப் போனப்பம் பாத்தேன். என்னைவிடக் கொள்ளாம்."

"மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். படித்திருக்கிறானா?"

"ஸ்கூல் பைனல் பாஸ். போய்ப் பாருங்க."

'என்னைவிட நல்ல ஆட்டக்காரன்' என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். ஆரஞ்சைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 1, வெள்ளி

தொடுவெட்டி வரை பஸ். அப்புறம் மாட்டுவண்டி. வண்டிக்காரன் வழிநெடுக அவன் மைத்துனனுடைய வழக்கைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஆற்றுமுகம் வந்ததும் காற்று. குடை மடங்கிவிட்டது.

ஈர மணலில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு துடுப்பை நட்டு கோல். யார் சூசை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. நெட்டையான பையன். கை முட்டுக்குக் கீழே வரை தொங்குகிறது. பந்து வருமுன்பே வரும் இடத்தில் நிற்கிறான்.

கோட்டைக் கழற்றி கரையில் கிடந்த வள்ளத்தின் மேல் போட்டுவிட்டு நானே நாலு அடி அடித்துப் பார்த்தேன். நாலையும் பிடித்தான். அடுத்த அடியில் மணலில் வழுக்கி விழுந்தேன். பையன்கள் சிரிக்கவில்லை. அவன் வந்து தூக்கிவிட்டு, "அடி கொள்ளாம், சாரே" என்றான். மரியாதைக்குச் சொன்னது.

அப்பன் கடலுக்குப் போயிருந்தார். அம்மாவிடம்தான் பேச்சு. மீன் உலர்த்திக்கொண்டிருந்தவர் கையைக்கூடத் துடைக்கவில்லை. காக்கையை விரட்டிக்கொண்டே கேட்டார்.

"பந்தடிக்கதுக்கா கூப்பிடுதிய?"

"படிப்பதற்கு. பந்தும் ஆடலாம்."

"பந்துக்குத்தான் வந்திய. எனக்குத் தெரியும். இல்லேன்னா இந்தக் கடப்பொறத்துக்கு ஒங்களப் போல ஆளு எதுக்கு வாறாரு?"

உண்மை. தலையாட்டினேன்.

"செரி. ஒண்ணு சொல்லுங்க சாரே. அங்க எனக்க மொவன ஒதுக்கி வைப்பினுமா?"

மாட்டார்கள் என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனிடம், "ஏலே, அப்பன் வந்ததும் கேட்டுக்கிடு. எனக்குச் சம்மதம்" என்றார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கோட்டில் மீன் வாடை. ஞானம் அதைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டாள்.

ஜூன் 5, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. பழையாற்றில் செம்மண் தண்ணீர்.

சூசையின் அப்பன் சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார். துரையிடம் போனேன். சேர்ப்பதற்குத் தடையில்லை. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கேட்காமல் விட்டால் அந்த அம்மாளுக்குச் சொன்னது பொய்யாகும்.

"எப்படி என்றால்? எல்லாரும் புசிக்கிற இடத்திலே அவனும் புசிப்பான்."

அதோடு நிற்கவில்லை. வெளியூர்ப் பந்தயங்களில் எப்படி என்று அவர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நீலகண்டன் மட்டும் தனியே ஐயர் கிளப்பில் சாப்பிட்டுக்கொள்வான், நான்தான் கூட்டிக்கொண்டுபோய் விடுவேன், அணியில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்று. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் தெரியவே தெரியாதாம்.

"ஒரே அணி, ஒரே பந்தி. சம்மதியாதவன் அணியில் இல்லை."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சுசீந்திரத்தில் நீலகண்டன் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லப்போகிறவர் அவர் இல்லை, அவ்வளவுதான்.

கூரை ஒழுகுகிறது. பானை வைத்திருக்கிறோம்.

ஜூன் 7, வியாழன்

சுசீந்திரம். வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. குடை பிடித்தும் அரைக்கு மேல் நனைந்துவிட்டேன்.

நீலகண்டனின் அப்பா மரியாதையான மனுஷர். நல்ல நிலம் உண்டு, கோயில் காரியங்களில் பொறுப்பு உண்டு. துண்டு கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொன்னார். காப்பி வந்தது. துரை சொன்னதைச் சொன்னேன், முழுக்கக் கேட்டார்.

"சார், இத்தன நாளும் பய ஒங்ககூட வெளியூருக்கு வந்தான். நான் ஒண்ணு சொன்னதுண்டா?"

"இல்லை."

"பந்துக்கு நான் விரோதி இல்ல. போன வருசம் அவன் அடிச்ச அடிய நானும் வந்து பாத்தேன். ஆனா எனக்கு மூணு பொட்டப் பிள்ளைய இருக்கு. கடப்பொறத்துப் பயகூட ஒரே பந்தியில இவன் உக்காந்தான்னு ஊருல ஒரு வார்த்த வந்துட்டா, எவன் வந்து பொண்ணு கேப்பான்? நீங்க சொல்லுங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தொரைக்கென்ன, ஒருநா கப்பல் ஏறிப் போயிருவாரு. நீங்களும் நானும்லா இங்கன கெடக்கணும்."

நீலகண்டன் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே. அவனையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று பட்டது. கேட்கவில்லை. அப்பா முன்னால் கேட்டு என்ன பயன்.

திருவனந்தபுரத்தில் மாமா வீட்டில் தங்கி அங்குள்ள கல்லூரியில் படிக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. நான் உட்கார்ந்திருக்கும்போதே.

காப்பி குடித்த டம்ளரை முற்றத்தில் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டேன். இந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். இன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

வழியெல்லாம் மழை. போன வருஷம் முழுக்க அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அந்தப் பையனுடைய காலிலிருந்து வந்தவை.

ஜூன் 8, வெள்ளி

காய்ச்சல். படுக்கை. ஞானம் சுக்குக் கஷாயம்.

"கோலுக்கு ஆள் கெடச்சாச்சு. முன்னால ஆள் போயாச்சு. அப்பம் மொத்தத்தில பழையபடிதான, அதுக்கு எதுக்குக் காச்சல்?" என்றாள். சிரிப்பு வந்தது. இருமலும்.

ஜூன் 11, திங்கள்

காய்ச்சல் விட்டது. வாய் கசப்பு.

சூசை வந்தான். தகரப் பெட்டி, ஒரு பாய். சட்டை புதிது, கழுத்தில் கொஞ்சம் இறுக்கம். சேர்க்கை முடிந்தது. ஹாஸ்டலில் எவனோ எல்லாவற்றையும் அவன் காதில் போட்டுவிட்டான். சாயங்காலம் என் வீட்டு நடையில் வந்து நின்றான்.

"சாரே, என்னால நல்ல ஒரு ஆட்டக்காரன் போயாச்சுன்னு பறையுதினும்."

"உன்னால் இல்லை."

"நான் வெளிய இருந்து தின்னுக்கிடுதேன். எனக்கு அதில ஒண்ணும் இல்ல. அவர வரச் சொல்லுங்க."

சண்டை போட்டிருந்தால், அழுதிருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியும். இவன் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போல இதைச் சொன்னான். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், 'சரி' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நீலகண்டன் திரும்ப வருவான். துரையிடம் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். எல்லாரும் சந்தோஷம்.

"வேண்டாம்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. உள்ளேயிருந்து ஞானம் எட்டிப் பார்த்தாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. "செரி சாரே" என்று போய்விட்டான். ஏன் என்று கேட்டிருந்தால் ஒழுங்கான பதில் என்னிடம் இருந்திருக்குமா, தெரியாது.

ஜூன் 14, வியாழன்

காலையில் மழை விட்டு லேசான வெயில். மைதானத்தில் ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஆடலாம். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சூசை கோலில்.

பத்து மணி இருக்கும். ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கூட்டத்திலிருந்து நீலகண்டன் வந்தான். திருவனந்தபுரம் புறப்பாடு. கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். கூட வந்த வேலையாள் பெட்டியோடு ரோட்டிலேயே நின்றுவிட்டான்.

என் பக்கத்தில் வந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு கோலுக்கு எதிரே போனான்.

"ஒம் பேரு என்ன?"

"சூசை."

"நில்லு பாப்போம்."

முதல் அடி கோலுக்குள். சூசை அசையவே இல்லை. இரண்டாவதும் உள்ளே. மூன்றாவதற்கு இடது பக்கம் பாய்ந்து விரலால் தட்டிவிட்டான். சேற்றில் விழுந்து, புதுச் சட்டையெல்லாம் போயிற்று.

நீலகண்டன் கிட்டே போனான். "எடது பக்கம் பாயும்போது ஒரு நொடி யோசிக்குத. யோசிக்காத மக்கா. பந்தப் பாக்காத, அடிக்கவன் இடுப்பப் பாரு." சொல்லிவிட்டு நின்று நாலு தரம் காட்டிக்கொடுத்தான்.

என்னிடம் திரும்பி வந்தான். "சார், அங்க டீமுல சேரவா? மாமாகிட்டயும் கேக்கணும். ஊருக்குள்ளயே பந்தயம்னா சாப்பாட்டுப் பேச்சு வராது."

அப்படியானால் எங்களுக்கு எதிராகவே ஆடுவான். சேரு என்றேன். வேறென்ன சொல்ல முடியும். மூக்கைச் சிந்திக்கொண்டேன். இன்னும் ஜலதோஷம் போகவில்லை.

சூசை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "இவரு அங்கயா ஆடுவாரு, சாரே? அப்பிடின்னா பஸ் வாறதுக்குள்ள இன்னும் நாலு அடி அடிக்கச் சொல்லுங்க. பாத்து வச்சுக்கிடுதேன்."

நீலகண்டன் சிரித்தான். இந்த இரண்டு வாரத்தில் யாரும் சிரித்து நான் பார்த்தது அதுதான். திரும்பப் போய் அடித்தான். பஸ் வந்து ஹாரன் அடித்தது. வேலையாள் கூப்பிட்டான். சேற்றுக் காலோடு ஓடிப்போய் ஏறினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஜூன் 18, திங்கள்

கல்லூரி திறந்தாயிற்று. மழை. வகுப்பில் புதுப் பையன்களுக்கு அல்ஜீப்ரா. பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஆட ஆள் கிடைக்கவில்லை. பெருவிளைப் பையன் ஒருவன் ஓடுகிறான், பந்தை விட்டுவிட்டு ஓடுகிறான். திருவனந்தபுரத்தில் தோற்கப்போகிறோம். துரையிடம் அதையும் ஒரு நாள் சொல்ல வேண்டும்.

மத்தியானம் ஹாஸ்டல் பக்கம் போனேன். சாப்பாட்டு நேரம். எல்லாரும் பந்தியில். சூசைக்கு இரண்டு பக்கமும் இடம் காலி. இரண்டு பேர் இலையைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவன் நம் அணியில் இடது ஓரம் ஆடுகிறவன். வேதக்கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஞானப்பாட்டுப் பாடுகிற வீட்டுப் பையன். சுசீந்திரத்தை மட்டும் குற்றம் சொல்லி என்ன.

கண்டிக்கத்தான் போனேன். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு சூசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமையல்காரர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "சாருக்கும் சோறா?" போடும் என்றேன்.

குழம்பில் உப்பு இல்லை. சூசை நிமிராமல், "குழம்பு கொள்ளாம், சாரே" என்றான். பிசைந்து தின்று முடித்தேன். மோர் வரும்போது இடது ஓரக்காரன் இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். எழுந்து வரவில்லை.

வீட்டில் ஞானம் மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். ஹாஸ்டலில் சாப்பிட்டாயிற்று என்றதும் கோபம். நாளைக்காவது நேரத்தோடு வாருங்கள் என்றாள்.

நாளைக்கும் அங்கேதான் என்று சொன்னேன்.