மஞ்சள் பட்டை வராத நாள்

செவ்வாய், இரவு.

எங்கள் புளிக் கொள்முதல் நிலையத்து எக்செல் கோப்பைத் திறந்தாலே மஞ்சள் பட்டையில், சீட்டு அச்சடிக்கும் மேக்ரோ என்ற குட்டி நிரலை ஓட விடலாமா என்று எச்சரிக்கை வரும். அதை அனுமதித்தால்தான் எடைச் சீட்டு அச்சாகும். இன்று பட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. மூட்டையோடு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதென்று மதியம் கிளம்பிய ஜீப்பில் திருப்பத்தூருக்கு ரிப்பேருக்கு அனுப்பிவிட்டேன்.

மாலையில், எடை போடும் குமாரி சாவகாசமாகச் சொல்கிறாள்: "அந்த மஞ்சள் தொல்லைய நேத்தே நிறுத்திட்டேங்கக்கா. கேக்காமலே மேக்ரோவ தடுத்துடுன்னு செட்டிங்ல மாத்திட்டேன்."

"காலையிலயே சொல்றதுக்கு இன்னாடி?"

"நீங்க கேக்கலியே."

ஜீப் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வரும். அதுவரை வரும் மூட்டைக்கெல்லாம் கையால்தான் சீட்டு எழுத வேண்டும். அவளையே எழுத வைக்கலாம். ஆனால் அவள் கையெழுத்தை அவளாலேயே படிக்க முடியாது.